குற்றக் கூட்டமும் கணனி விளையாட்டும்

விளையாட்டு யாவும் வாழ்வின் நிழல்களே. சதுரங்கம் போரின் நிழல். பரமபதம் வினைப்பயனின் நிழல். சிறுமியர் மணலில் ஆக்கும் சோறும் கறியும் இல்லறத்தின் நிழல். அந்த வரிசையில் இந்நூற்றாண்டில் புதிதாய் வந்து சேர்ந்திருப்பது கணனித் திரையில் விரியும் நகரத்தின் நிழல். அந்நகரத்தில் தெருக்கள் உள, கடைகள் உள, வாகனங்கள் உள, மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்றன. ஆடுபவன் தன் விருப்பம்போல் எத்தெருவிலும் திரியலாம், எவ்வாகனத்திலும் ஏறலாம். இவ்வகையைத் திறந்த உலக விளையாட்டு என்று வழங்குகின்றனர்.

இத்தகைய விளையாட்டுகளுட் பெரும் பெயர் பெற்றவை பல, குற்றக் கூட்டங்களைப் பொருளாகக் கொண்டவை. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ என்னும் வரிசையின் மூன்றாம் விளையாட்டு இவ்வகைக்கு வழி வகுத்தது. அடுத்த ஆண்டிலே செக் நாட்டின் ஓர் நிறுவனம் மாபியா என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகம் 2010இலும், மூன்றாம் பாகம் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆந் திகதியிலும் வெளிவந்தன. மூன்றாம் பாகத்தை ஆக்கியது அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஹாங்கர் 13 என்னும் நிறுவனம். ஹேடன் பிளாக்மன் என்பவர் அதன் ஆக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

றப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ருவான்வெல்லையிற் பேச வேண்டிய பொருள்தானா இது என்று முதியோர் வினவக்கூடும். வெளியுலகம் மலைகளுக்கு அப்பால் நின்ற காலம் மறைந்துவிட்டது. கைத்தொலைபேசியும் கணனியும் லயத்து அறைக்குள்ளும் புகுந்துள்ளன. அவற்றின் வழியே பிள்ளைகள் காண்பவை யாவை, அவற்றுட் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று அறிவது மூத்தோர் கடமை. கண்ணால் நோக்காது கண்டிப்பதும் தவறு; கருதாது கொண்டாடுவதும் தவறு. ஆதலின், மாபியாவின் மூன்றாம் பாகத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகையின் நிறையையும் குறையையும் சீர்தூக்கிப் பார்த்தல் தகும்.

முதலிற் கதை யாதென அறிதல் வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தழுவிப் புனைந்த நியூ போர்டோ என்னும் நகரமே களம், காலம் 1968. கலப்பினத்தவனாய்ப் பிறந்து, உலகத்தார் கண்ணுக்குக் கறுப்பினத்தவனாகவே விளங்கும் லிங்கன் கிளே என்னும் அநாதை இளைஞன், வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்புகிறான். அவனை வளர்த்தவர் சமி றொபின்சன். கறுப்பினத்தவர் வாழும் வட்டாரத்தில் ஒரு குற்றக் கூட்டத்தை நடத்துபவர். நகரின் பெருந்தலைவனோ சால் மர்க்கானோ என்னும் இத்தாலிய மரபினன். அவன் சொற்கேட்டு இளைஞர்கள் வங்கிப் பணத்தைக் கொள்ளையிடுகின்றனர். கொள்ளை முடிந்ததும் மர்க்கானோ அவர்களைக் காட்டிக்கொடுத்துக் கொல்லுகிறான். வளர்த்தவர் மாள்கிறார், உடன்வளர்ந்தவன் மாள்கிறான், தலையிற் குண்டு பட்ட லிங்கன் மட்டும் ஜேம்ஸ் என்னும் பாதிரியாரின் பராமரிப்பில் உயிர் பிழைக்கிறான். பிறகு நிகழ்வது பழிவாங்கல். மர்க்கானோவின் வருவாய் வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து, வட்டாரங்களைக் கைப்பற்றி, அவனைத் தனிமைப்படுத்துவதே ஆடுபவனின் பணி.

இனி இதன் நிறைகளைக் காண்போம்.

முதலாவது நிறை, கதையைக் கூறும் முறை. நிகழ்ச்சிகள் யாவும் பல ஆண்டுகளின் பின் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம் போல அமைக்கப்பட்டுள்ளன. முதுமையெய்திய பாதிரியார் தம் நெஞ்சின் சுமையை இறக்கிவைக்கிறார். புலனாய்வு அதிகாரியொருவர் தாம் கண்டதைச் சொல்கிறார். லிங்கனுக்குத் துணைநின்ற ஜோன் டொனவன் என்னும் உளவு அதிகாரி, செனற் சபை விசாரணையின் முன் அமர்ந்து சற்றும் வருந்தாது விடை பகர்கிறார். செயலைச் செய்பவன் ஆடுபவனே. ஆயினும் அச்செயலைத் தீர்ப்பிடும் குரல்கள் வேறு. தான் செய்ததைப் பிறர் வாயாற் கேட்கும்போது, ஆடுபவனின் வெற்றிக் களிப்பிலே ஒரு முள் தைக்கிறது.

இரண்டாவது நிறையே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு. நிற வேற்றுமையை இது சொல்லிக் காட்டவில்லை, உணர்த்திக் காட்டுகிறது. சில கடைகளின் வாயிலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்னும் அறிவிப்பு தொங்குகிறது. மீறி நுழைந்தால் கடைக்காரன் முகஞ் சுளிக்கிறான், வெளியேறும்படி அதட்டுகிறான், பொலிசாரை அழைக்கிறான். செல்வர் வாழும் வட்டாரத்தில் சிறு குற்றம் நிகழினும் பொலிஸ் வாகனங்கள் விரைந்து பாய்ந்து வருகின்றன. வறிய கறுப்பின மக்களின் வட்டாரத்திலோ, பெருங்குற்றம் நிகழினும் அவை ஆறியமர்ந்தே வருகின்றன. ஒரு பக்கம் விளக்கவுரை எழுதினும் உணர்த்த இயலாத உண்மையை, அந்தச் சில நிமிடத் தாமதம் உணர்த்திவிடுகின்றது. இதனை அழகுபடுத்தவோ மறைக்கவோ தாம் விரும்பவில்லையென்று, ஆக்கியோர் விளையாட்டின் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் அறிவித்துள்ளனர்.

சப்ரகமுவத் தோட்டப் பிள்ளை ஒருவனுக்கு இக்காட்சி முற்றும் அந்நியமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. சாத்திய கதவின் முன் நிற்பது எத்தகையது என்பதைப் பாட்டன் வாயிலாகக் கேட்டறிந்தவன், நியூ போர்டோவின் கடை வாயிலிலே தன் குடும்பக் கதையின் ஒரு சாயலைக் காண்பான். வேற்றினத்துப் பிள்ளையோ, இழிவுபடுவோன் நிலையைச் சற்று நேரமேனும் தன் நிலையாக உணர்வான். நல்லிலக்கியம் ஆற்றும் பணிகளுள் ஒன்று பிறன் துன்பத்தைத் தன் துன்பமாக உணரச் செய்தல். அப்பணியின் ஒரு கூற்றை இவ்விளையாட்டு செய்கிறதென ஒப்புக்கொள்வதே நேர்மை.

மூன்றாவது நிறை காலத்தைக் கண்முன் நிறுத்தும் திறன். அக்கால உடை, அக்கால வண்டி, அக்கால விளம்பரப் பலகை என்பனவெல்லாம் ஆராய்ந்து அமைக்கப்பட்டுள்ளன. வண்டியிலுள்ள வானொலியைத் திருப்பினால் சாம் குக், ரோலிங் ஸ்டோன்ஸ் முதலியோரின் மெய்யான பாடல்கள் ஒலிக்கின்றன. வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இதன் அருமையை எளிதில் உணர்வர். ஒரு காலத்தின் நெஞ்சத்தை அக்காலப் பாட்டைப்போற் காட்டவல்லது வேறொன்றில்லை.

நான்காவது நிறை, குற்றக் கூட்டத்தின் பொருளாதாரத்தை வெளிப்படுத்துதல். அத்தகைய கூட்டத்தை நடத்துவது துப்பாக்கி மட்டுமன்று, பணம். கடுவட்டி, கள்ளச் சரக்கு, போதைப்பொருள், கடைக்காரரிடம் பறிக்கும் கப்பம் என்பன அதன் வேர்கள். லிங்கனுக்குக் கீழே மூவர் தளபதிகளாக அமைகின்றனர்: ஹெயிட்டி மரபினளான கசான்ட்ரா, ஐரிஷ் மரபினனான தோமஸ் பேர்க், இரண்டாம் பாகத்தின் கதைத்தலைவனான வீட்டோ ஸ்கலெட்டா. கைப்பற்றும் ஒவ்வொரு வட்டாரத்தையும் இம்மூவருள் ஒருவருக்கே அளித்தல் வேண்டும். ஒருவருக்கு மிகுதியாக அளித்தால் மற்றவர் முகம் கறுக்கும்; மீண்டும் மீண்டும் புறக்கணித்தால் அவரே பகைவராவார். பங்கீட்டிற் பிறந்த நட்பு பங்கீட்டிலேயே முறியும் என்னும் பாடம் இதிலே அமைந்து கிடக்கிறது.

இத்துணை நிறைகளிருந்தும் இவ்விளையாட்டு வெளிவந்த காலத்தில் விமரிசகர்கள் இதனை முழுமனத்தோடு பாராட்டவில்லை. முதல் வாரத்தில் 45 இலட்சம் பிரதிகள் விற்பனைக்குச் சென்றன என்று வெளியீட்டாளர் அறிவித்தனர். எனினும் விற்பனை வேறு, மதிப்பு வேறு. குறைகள் யாவை?

முதற்குறை, கூறியது கூறல். நம் இலக்கண நூலார் நூலுக்குரிய குற்றங்களுள் ஒன்றாக இதனை எண்ணினர். விளையாட்டிற்கும் அது குற்றமே. ஒரு வட்டாரத்தைக் கைப்பற்றும் முறையைப் பாருங்கள். தகவல் அறிந்தவனைச் சந்தித்தல், அவன் காட்டும் இடங்களுக்குச் செல்லுதல், அங்குள்ள காவலரைக் கொல்லுதல், பண்டங்களை உடைத்தல், பணத்தைப் பறித்தல், இவ்வாறு குறித்த தொகைக்கு நட்டம் விளைந்ததும் தொழில் நடத்துபவன் வெளிப்படுதல், அவனைக் கொல்லுதல் அல்லது தன்பால் சேர்த்தல். இதனையே அடுத்த தொழிலிலும் செய்ய வேண்டும். அடுத்த வட்டாரத்திலும் செய்ய வேண்டும். கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்காவில் நிகழும் போரும், மூழ்கும் நீராவிக் கப்பலில் நிகழும் போரும் போன்ற சிறந்த கட்டங்கள் இடையிடையே உண்டு. அவற்றை அடைவதற்கோ ஒரே வேலையைச் சலிக்கச் சலிக்கச் செய்தல் வேண்டும். ஒரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒரு கணத்திற் செல்லும் வசதியுமில்லை. நெடுந்தூரம் வண்டியோட்டியே செல்ல வேண்டும்.

இரண்டாங்குறை, பகைவரின் பேதைமை. மறைவிலிருந்து ஒரு சீட்டியடித்தால் காவலன் ஒருவன் அங்கே வருகிறான். அவனை வீழ்த்திவிட்டு மீண்டும் சீட்டியடித்தால் அடுத்தவன் வருகிறான். தோழர் ஒருவர்பின் ஒருவராய்ப் போய்த் திரும்பாதிருக்க, ஏனென்று எவனும் ஐயுறுவதில்லை. அறிவோடு எதிர்ப்பவனில்லாத இடத்தில் வெற்றிக்குச் சுவையில்லை.

மூன்றாங்குறை, தொழில்நுட்பக் குறை. கணனிக்குரிய பதிப்பில் நொடிக்கு 30 படங்களுக்கு மேல் ஓடாதபடி முதலில் ஒரு வரம்பு இருந்தது. வாங்கியோர் முறையிட்ட பின்னர், சில நாட்களில் திருத்தம் வெளியாயிற்று. வானத்தொளி திடீரென மாறுதல் போன்ற பிழைகளும் பலராற் சுட்டிக்காட்டப்பட்டன. முற்ற வேகாத சோற்றைப் பந்தியிற் பரிமாறியது போன்றது இது.

நான்காங்குறை, நகரம் பெரிது. அதன் வாழ்வு சிறிது. அழகிய தெருக்களிருந்தும், அவற்றில் அடிப்பதையும் பறிப்பதையும் ஓட்டுவதையும் தவிரச் செய்வதற்குரியது அதிகமில்லை. தேடிச் சேர்க்கும் பொருள்களுள் ஆபாசப் படங்கள் கொண்ட சஞ்சிகைகளும் உள்ளன. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஐரோப்பிய மதிப்பீட்டுச் சபை இவ்விளையாட்டை 18 வயதின் மேற்பட்டோருக்கே உரியதென வகுத்துள்ளது. அமெரிக்க சபை 17 வயதை எல்லையாக வைத்துள்ளது. பெட்டியின் மேல் அச்சிட்ட அந்த எண் அலங்காரத்திற்கன்று.

இவை கலைக்குறைகள். இவற்றினும் ஆழ்ந்த குறையொன்று உண்டு. அதனை விளக்குதற்கு அமெரிக்காவை விட்டுக் கேகாலை மாவட்டத்திற்கே திரும்புதல் வேண்டும்.

மாவனல்லைக்கு அணித்தாய் உள்ள உதுவன்கந்தை என்னும் குன்றை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. கண்டிக்கு இருப்புப்பாதை வருவதற்கு முன், 1867ஆம் ஆண்டுவரை, கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான பெருந்தெருவிலே வண்டிகள்தாம் கோப்பியையும் சரக்கையும் சுமந்தன. அத்தெருவை நோக்கிநின்ற அக்குன்றே சரதியேல் என்னும் கொள்ளைக்காரனுக்குக் கோட்டையாயிற்று. செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்தான் என்று அவனைப்பற்றிக் கதைகள் வழங்குகின்றன. இங்கிலாந்தின் ரொபின் ஹூட்டோடு அவனை ஒப்பிட்டுப் பேசுவதும் மரபாகிவிட்டது. அவனும் தோழன் மம்மலே மரிக்காரும் 1864ஆம் ஆண்டு மே 7ஆந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். ஒருவன் சிங்களவன், மற்றவன் முஸ்லிம். சட்டத்திற்குப் புறம்பானவனை மக்கள் காதலிப்பது திரை விளையாட்டு வந்தபின் தோன்றிய நோயன்று என்பதற்கு இதுவே சான்று. அதிகாரத்தின்பால் மனக்கசப்புள்ள இடமெங்கும் கள்வன் காவியத் தலைவனாகிறான்.

ஆனால் அக்கதையில் இன்னொரு பெயரும் உண்டு. சரதியேலைப் பிடிக்கச் சென்றவருள் ஒருவர் சபான் என்னும் மலாய்ப் பொலிஸ் வீரர். 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, அப்போராட்டத்திலே குண்டு பட்டு அவர் மாண்டார். கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ் வீரராக அவரைக் கொண்டு, இலங்கைப் பொலிசார் ஆண்டுதோறும் அந்நாளை வீரர் நினைவு நாளாக அனுட்டிக்கின்றனர். மெய்யுலகில் மாண்டவனுக்குப் பெயர் உண்டு, நாள் உண்டு, அவனை நினைத்து அழுவோர் உண்டு. நியூ போர்டோவில் லிங்கன் வீழ்த்தும் காவலருக்கும் வழிப்போக்கருக்கும் பெயரில்லை, வீடில்லை, அடுத்த தெருவைச் சுற்றி வருவதற்குள் உடலும் மறைந்துவிடுகிறது. வளர்த்தவரின் ஒரு மரணத்துக்காகக் கதை முழுதும் கண்ணீர் வடிக்கும் விளையாட்டு, தலைவன் கையால் நிகழும் நூற்றுக்கணக்கான மரணங்களுக்காக ஒரு கணமும் நின்று பார்ப்பதில்லை. பாதிரியார் வாயாற் கூறும் அறத்தை, ஆட்டத்தின் அமைப்பே மறுத்துவிடுகிறது. உரை ஒன்று சொல்ல, கை வேறொன்று பழகுகிறது. இஃதே அந்த ஆழ்ந்த குறை.

இதனோடு தொடர்புடையது மற்றொன்று. இழிவுபட்டவன் தலைநிமிர்வதற்கு இவ்விளையாட்டு காட்டும் வழி ஒன்றே: கூட்டம் சேர்த்துக் கொல்லுதல். அக்கதை நிகழும் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் திகதியன்றுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் அவரைச் சார்ந்த பல்லாயிரவரும் நடந்தும், மறுத்தும், சிறைசென்றும் 1964இல் குடியியல் உரிமைச் சட்டத்தையும், 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் வென்றனர். கடை வாயிலில் தொங்கிய அறிவிப்பை மெய்யுலகிற் கழற்றியது லிங்கனின் துப்பாக்கியன்று. அந்த மக்களின் பொறுமை. நிற இழிவை அத்துணைக் கூர்மையாகக் காட்டிய விளையாட்டு, அதனை வென்ற வழியை ஆடுபவன் கையில் ஒருபோதும் தருவதில்லை.

ருவான்வெல்லையின் வரலாறே இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையைத் தாக்கியபோது மிகக் கடுமையாகத் துன்புற்ற பகுதிகளுள் கேகாலை ஒன்று. அப்போது மருந்தும் உணவும் சுமந்து கிராமந்தோறும் நடந்த இளைஞருள் என். எம். பெரேரா ஒருவர். 1936ஆம் ஆண்டின் அரசுப் பேரவைத் தேர்தலில் ருவான்வெல்லைத் தொகுதி மக்கள் அவரைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தனர். அவருடைய அரசியற் கொள்கையை ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர். அது வேறு விவகாரம். ஒரு வட்டாரத்தின் நெஞ்சைக் கைப்பற்ற மிரட்டலைத் தவிர வேறு வழியுமுண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒரே மாவட்டத்தில் உதுவன்கந்தையும் உண்டு, ருவான்வெல்லையும் உண்டு. முன்னதைப்பற்றி விளையாட்டு ஆக்குதல் எளிது. பின்னதைப்பற்றி ஆக்குதல் அரிது. அரியதை முயலும் நாள் இனி வரவேண்டும்.

அங்ஙனமாயின் இத்தகைய விளையாட்டைப் பிள்ளைகள் ஆடுவதால் அவர்கள் குற்றவாளிகளாகிவிடுவரோ? அவ்வாறு அச்சுறுத்துவது அறிவுடைமையன்று. அமெரிக்க உளவியற் சங்கம் இதனை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டிற்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்திற்கும் சிறிதளவு தொடர்பு காணப்படுகிறதென்றும், கொடிய வன்செயல்களுக்கு விளையாட்டே காரணமென்று கூறப் போதிய சான்றில்லையென்றும் 2020இல் அறிவித்தது. ஆனால் அளவுமீறி ஆடி, உறக்கமும் கல்வியும் உறவும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. அவ்வகைப்பாடு 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அஞ்சத்தக்கது திரையிலுள்ள துப்பாக்கியைக் காட்டிலும், திரையின் முன்னே கரையும் இரவுகளேயாம்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கன மூன்று. வயது வரம்பைக் கவனித்தல் ஒன்று. பதின்மூன்று வயதுச் சிறுவன் கையில் இவ்விளையாட்டு இருத்தல் தகாது. ஆடும் நேரத்தை வரையறுத்தல் மற்றொன்று. மூன்றாவதே மிக முக்கியமானது: வயதுவந்த இளைஞன் ஆடும்போது அருகிலமர்ந்து வினாவுதல். "தம்பி, இந்தக் கடைக்காரன் ஏன் உன்னை வெளியே போகச் சொல்கிறான்? பொலிசார் இங்கே விரைந்தும் அங்கே மெல்லவும் வருவதேன்? இப்போது விழுந்தானே, அவன் வீட்டில் யார் காத்திருப்பர்?" இவ்வினாக்களுள் முதலிரண்டிற்கும் விளையாட்டே விடை தரும். மூன்றாவதற்கு விடை அதிலில்லை. அதனைத் தருவது குடும்பத்தின் பொறுப்பு.

கதையின் இறுதியில் லிங்கன் மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: நகரைவிட்டு நீங்கலாம், கூட்டாளிகளோடு சேர்ந்து ஆளலாம், அன்றித் தனியே ஆளலாம். தனியே ஆள விரும்பித் துணைநின்றவரையும் கொல்பவன், தன் வண்டியில் ஏறி அமர்ந்ததும் வெடித்துச் சிதறுகிறான். நூற்றுக்கணக்கான உயிர்களுக்குக் கணக்குக் கேளாத விளையாட்டு, அந்த ஒரு முடிவில் மட்டும் கணக்கைக் கேட்டுவிடுகிறது. அக்கணக்கை முன்னமே கேட்கப் பழகிய இளைஞன் இவ்விளையாட்டின் நிறையைக் கொண்டு குறையைத் தள்ளிவிடுவான்.